ஒரே சுவரில் இரண்டு நத்தைகள்

என் நத்தைக்காரி எழிலுக்கு,

நீ சொன்னது சரி. இரண்டுதான்.

இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பதினொரு வருஷம் ஆகியிருக்கிறது. அதில் நாலு வருஷம் நீ ஸ்ரீராம்புரத்தில்தான் இருந்தாய், நான் ஜோகுபாளையத்தில் இருந்தேன். ஒரு பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரம். அப்போது வந்து சொல்லியிருக்கலாம். எனக்கே தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது என்று இப்போது சாக்குச் சொல்லலாம். ஆனால் எழில், எனக்குத் தெரியவில்லை என்பது பாதிதான் உண்மை.

இந்தக் கடிதம் அச்சில் வரப்போகிறது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் நடுவில் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள். நான் எங்கேயாவது என்னை நல்லவளாக்கிக்கொண்டால் மட்டும் குறுக்கே வா.

தொண்ணூற்றொன்றில் எம்.எஸ்ஸி. விலங்கியல் சேர்ந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? பிராக்டிகல் வகுப்பில் ஆளுக்கொரு தட்டு நிறைய ஓடுகளைக் கொடுத்து, "உங்களுக்குச் சரின்னு படற மாதிரி பிரிச்சு வைங்க" என்றார் மேடம். நான் பத்தே நிமிஷத்தில் ஏழு குவியல் வைத்துவிட்டேன். உயரமானவை, தட்டையானவை, வலப்பக்கம் சுழன்றவை, பட்டை போட்டவை. நீ தட்டைத் தொடவே இல்லை. கையைத் தூக்கினாய்.

"மேடம், இதுங்க உயிரோட எங்க இருந்துச்சு? மரத்துலயா, தரையிலயா?"

வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார். "உயிரோட இருந்தா தட்டுல நிக்குமாம்மா? நகர்ந்து போயிடும்."

"நகர்றதையும் பாத்துட்டுப் பிரிச்சா நல்லா இருக்கும் மேடம்" என்றாய்.

நான் சிரிக்கவில்லை என்று பிறகு பல முறை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். சிரித்தேன் எழில். எல்லாரையும்விடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். அன்று மத்தியானம் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்கு அந்த வெட்கம்தான் காரணம்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம். வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று வளர்ந்தவள் நான். வகைப்பாட்டியல் எனக்கு அதனால்தான் பிடித்தது. கரும்பலகையில் படிப்படியாக எழுதுவார்களே: உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், கடைசியில் இனம். உயிருள்ள எதைக் கொடுத்தாலும் அந்தப் படிகளில் இறக்கி ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

உன் வீட்டில் அந்தப் படிகளைச் சொல்லிக்காட்டிய நாள் ஞாபகம் வருகிறது. மாநகராட்சியில் தெருக் கூட்டும் வேலை முடித்து வந்து அஞ்சலையம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நத்தையும் ஆக்டோபஸும் ஒரே தொகுதி, இரண்டும் மெல்லுடலிகள் என்று நீ சொன்னாய்.

"இன்னாடி சொல்ற? எட்டுக் கையி இருக்கறதும் கையே இல்லாததும் சொந்தக்காரங்களா?"

"ஆமாம்மா. தூரத்துச் சொந்தம்."

"அப்போ நம்ம கூட்டத்துலயும் எட்டுக் கையிக்காரன் ஒர்த்தன் இருந்தா தேவல. இந்தப் பாத்திரத்தெல்லாம் கழுவுவான்."

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு மட்டும் சுத்தமானது.

மேல்படிகளில் சண்டை அதிகம் இல்லை. நத்தை விலங்குதானா, மெல்லுடலிதானா என்று யாரும் அடித்துக்கொள்வதில்லை. அடிதடி எல்லாம் கடைசிப் படியில். இது ஓர் இனமா, இரண்டா? எங்கே கோடு போடுவது? நாம் இருவரும் நின்று மல்லுக்கட்டியது அந்த ஒரே படியில்தான்.

அது தொடங்கியது அந்த டிசம்பரில். தமிழர்களைக் குறிவைத்த காவிரிக் கலவரத்தில் ஊர் அடைத்துக் கிடந்தது. கல்லூரி மூடிவிட்டார்கள். எங்கள் தெருவில் நாங்கள் கன்னடம் பேசி நடமாடிக்கொண்டிருந்தோம். உங்கள் சந்தில் கதவைத் திறக்கவே பயந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வெளியே போக முடியாத அந்த நாட்களில் நீ என்ன செய்தாய்? ரயில் பாதைப் பக்கமிருந்த பழைய கல்சுவரிலிருந்து மழைக்காலத்தில் பிடித்துவந்த நத்தைகள் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கிடந்தன. அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாய்.

குளிர்ந்து காய்ந்த காற்று அடித்ததும் அவை ஒவ்வொன்றாக ஓட்டுக்குள் சுருண்டு வாசலை மூடிக்கொண்டன. நத்தைகள் வறண்ட காலத்தைத் தூங்கிக் கழிக்க அப்படித்தான் மூடும் என்று நாம் படித்திருந்தோம். ஆனால் சிலவற்றின் மூடி சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருந்தது. சிலவற்றின் மூடி கண்ணாடிக் காகிதம் போல மெல்லியதாக, உள்ளே இருப்பது தெரியும்படி இருந்தது. வெளி ஓடு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி.

கல்லூரி திறந்த முதல் நாள் நீ கலவரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வத்சலா, ஒரே வாளி, ஒரே மண்ணு, ஒரே கீரை. அப்புறம் ஏன்டி மூடி மட்டும் வேற?" என்றுதான் கேட்டாய்.

அதற்குப் பிறகு நாலு வருஷம். ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தால் நாம் அந்தச் சுவரில் இருப்போம். நான் ஓடுகளைப் பொறுக்கி வெர்னியரில் அளப்பேன். உயரம், அகலம், வாயின் விட்டம், எத்தனை சுற்று. நீ உயிருள்ளவற்றை எடுத்துப் போய் வாளியில் விடுவாய். யார் யாரோடு சேர்கிறது, எப்போது முட்டையிடுகிறது, முட்டை எப்படி இருக்கிறது என்று நாற்பது பக்க நோட்டில் எழுதுவாய். வெள்ளை மூடி வெள்ளை மூடியோடுதான் சேர்ந்தது. கண்ணாடி மூடி கண்ணாடி மூடியோடுதான். நாலு மழைக்காலத்தில் ஒரு தடவைகூட அவை மாறிச் சேரவில்லை என்றாய். இறந்தவற்றை ஊறுகாய் பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, "வெ.மூ", "க.மூ" என்று தமிழில் எழுதி ஒட்டினாய். இடம், தேதி, எந்த வாளி, எல்லாம்.

இதற்கு நடுவே படிப்பு முடிந்தது. எனக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. உன் மார்க் என்னுடையதைவிட அதிகம். நேர்முகத்தில் உன்னிடம் என்ன கேட்டார்கள், ஏன் எடுக்கவில்லை என்று நான் ஒருநாளும் உன்னைக் கேட்டதில்லை. நீ ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சரானாய். கட்டுரையைச் சேர்ந்து எழுதுவோம் என்று பேச்சு.

தொண்ணூற்றாறில் ஒரு ஞாயிறு காலை, எங்கள் வீட்டுக் கூடத்தில், டைப் அடித்த காகிதத்தை உன்னிடம் நீட்டினேன். அளவுகளை வரைந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடுகின்றன, பிரிக்க இடமே இல்லை, ஆகவே இவை தென்னிந்தியா முழுக்க அறியப்பட்ட ஒரே பழைய இனம் என்று முடித்திருந்தேன். நீ கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தாய்.

"இது ரெண்டுடி."

"அளவுல வரல எழில்."

"அளவுல வராது. ஓட்டை அளந்தா ஓடுதான் தெரியும். நாலு வருஷம் நான் அதுங்களோட குடித்தனம் பண்ணியிருக்கேன். என் நோட்டைப் போடு. மூடி, முட்டை, எது எதோட சேருது, எல்லாம் இருக்கு."

"வீட்டு வாளியில பாத்ததெல்லாம் டேட்டா ஆகாது."

நீ காகிதத்தை மடித்து என் மடியில் வைத்தாய். உன் குரல் உயரவே இல்லை.

"உன் வீட்டு வாளியா இருந்தா ஆகுமா?"

 உன் கேள்விக்குப் பொறாமை என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். பெயர் வைப்பதில் நான் எப்போதும் வேகம்.

கட்டுரை என் பெயரில் மட்டும் வந்தது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் ஒரு வரி: ஓடுகளைச் சேகரித்து உதவிய செல்வி எழிலரசிக்கு நன்றி. அதில் ஒரு பிரதியை உனக்குத் தபாலில் வேறு அனுப்பினேன். எந்தத் தைரியத்தில் அனுப்பினேன் என்று இன்றும் விளங்கவில்லை. நீ சந்தோஷப்படுவாய் என்று நிஜமாகவே நினைத்தேனா?

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு முறை சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். யூனிஃபார்ம் போட்ட பெண்கள் உன்னைச் சுற்றி நின்று எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீ குனிந்து ஒருத்தியின் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதில் ஏதோ பூச்சி இருந்திருக்க வேண்டும். நான் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது என் பஸ் இல்லை.

இரண்டாயிரத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது எனக்குத் தெரியாது. ஒன்பது நாள் என்றார்கள். நீ போன மூன்றாம் நாள்தான் நம்மோடு படித்த ஒருத்தி போன் செய்தாள். வந்தேன். அஞ்சலையம்மா "வாம்மா" என்று மட்டும் சொன்னார்கள். உன் தங்கை கயல் என் பக்கம் திரும்பவில்லை. திக்கித்திணறி ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத செய்திகள்.

நீ போன நாலாம் வருஷம் எங்கள் நிலையத்துக்கு ஷஷிகலா என்று ஒருத்தி வந்தாள். துமகூருக்காரி, நம்மைவிட இளையவள். தமிழை இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கற்றவள். உயிரணுவில் இருக்கும் மரபுக்குறியைப் படித்து எது எதற்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று சொல்கிற வேலை அவளுடையது. வெளித் தோற்றத்தைப் பார்த்து நாம் போட்டு வைத்த படிகளையெல்லாம் அவளைப் போன்றவர்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்கள். சிலது நிற்கிறது. சிலது சரிகிறது.

என் பழைய கட்டுரையைப் படித்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"ஓடு மட்டுந்தானா அளந்தீங்க? ரெண்டு குடும்பத்துப் புள்ளைங்க ஒரே யூனிஃபார்ம் போட்டா ஒரே குடும்பம் ஆயிடுமா, சொல்ரீ?" என்று சிரித்தாள். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "இந்த எழிலரசி யாரு? சுவத்துல இத்தனை நாள் இருந்திருக்காங்க. அவங்க வேற ஏதாவது கவனிச்சாங்களா?"

நான் இரண்டு நாள் அவளைத் தவிர்த்தேன். மூன்றாம் நாள் அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, மூடி, நோட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும். அவள் ஆறுதல் சொல்லவில்லை. "நத்தை பேக்கு, நத்தை வேணும். உயிரோட இல்லேன்னா ஸ்பிரிட்ல போட்டது" என்றாள்.

சுவருக்குப் போனோம். சுவர் இல்லை. சாலையை அகலப்படுத்தி, சிமென்டுக் கட்டையில் புதுச் சுவர் எழுப்பி மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மழை வந்து போன காலையில் அதில் ஒரு நத்தை இல்லை. எங்கள் நிலையத்தில் நான் அடுக்கி வைத்திருந்தவை எல்லாம் வெறும் ஓடுகள். சதையோடு வைத்த சிலதையும் ஃபார்மலினில் போட்டிருந்தேன். அதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது என்று ஷஷிகலா கையை விரித்தாள்.

மிச்சமிருந்தது உன் ஊறுகாய் பாட்டில்கள்தான். அவை இருக்குமா என்பதே சந்தேகம். நாலு வருஷத்தில் ஸ்பிரிட் ஆவியாகிக் காய்ந்திருக்கும், இல்லை என்றைக்கோ குப்பைக்குப் போயிருக்கும். ஆனாலும் ஒரு சனிக்கிழமை உன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கயல் திறந்தாள். "சொல்லுங்க மேடம்" என்றாள். அவள் வாயில் மேடம் என்பது எத்தனை தூரம் என்று எனக்குப் புரிந்தது.

அஞ்சலையம்மாவிடம் நான் வந்த காரணத்தைச் சொன்னேன். எழுந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டார்கள். ஒரு தகரப் பெட்டி வெளியே வந்தது. திறந்தால் பாட்டில்கள், ஒவ்வொன்றையும் பழைய புடவைத் துணியில் சுற்றி. எல்லாவற்றிலும் கழுத்துவரை ஸ்பிரிட்.

"எப்படிம்மா காயாம இருக்கு?"

"காயும். வருசத்துக்கு ரெண்டு வாட்டி ஊத்துவேன். படுத்துகினு இருக்கறப்போ சொல்லிச்சு, தண்ணி ஊத்திடாதம்மா, நாத்தம் அடிக்குதே அந்த டப்பாலர்ந்து ஊத்து, அடுப்பாண்ட வெக்காதன்னு. அதான் கட்லுக்கு அடீல வெச்சேன். இப்போ டப்பா தீரப்போவுது. இன்னா பண்றதுன்னு ரோசன பண்ணிகினு இருந்தேன். நீ வந்துட்ட."

படிக்கத் தெரியாத அம்மா, எந்த பாட்டிலின் துணியையும் இன்னொன்றோடு மாற்றாமல், ஒரு லேபிளும் நனையாமல் வைத்திருந்தார்கள். எழில், ஆராய்ச்சி நிலையத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் அப்படி வைக்கவில்லை.

அங்கேயே சொல்லிவிட்டேன். "அம்மா, எழில் சொன்னது சரியா இருக்கும்னு நெனைக்கிறேன். நான்தான் தப்பா எழுதினேன். அவ பேரையும் போடல."

"தெரியும். அந்தப் பொஸ்தகம் வந்துச்சே, அன்னிக்கு சோறு துன்னல அவ."

கயல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அம்மா கேட்டார்கள்:

"அத்த அவகிட்ட சொன்னியா?"

"இல்லம்மா."

"சொல்லு அப்போ. போய்ட்டா இன்னா? சொல்றத சொல்லு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது கயல் உன் நோட்டுகளையும் கொண்டுவந்து மேலே வைத்தாள். "தொலைச்சிடாதீங்க" என்றாள்.

ஷஷிகலாவின் வேலை மாதக்கணக்கில் நடந்தது. பாட்டில் லேபிளை மறைத்து வெறும் எண் போட்டுத்தான் அவளிடம் கொடுத்தேன், எங்கள் ஆசை விடையில் கலந்துவிடக் கூடாது என்று. சில நத்தைகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றை வைத்து அவள் ஒரு கிளைப்படம் வரைந்தாள். நெருங்கிய சொந்தங்கள் பக்கத்துப் பக்கத்துக் கிளையில் வரும் படம். திரையில் அது வந்ததும் அவள் என்னைக் கூப்பிட்டாள். அடியிலேயே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நான் எண்களுக்குப் பக்கத்தில் உன் லேபிள்களை ஒவ்வொன்றாக எழுதினேன். ஒரு கிளையில் வெ.மூ, வெ.மூ, வெ.மூ. இன்னொன்றில் க.மூ, க.மூ, க.மூ. ஒன்றுகூடத் தப்பில்லை.

அவை அடுத்தடுத்த சொந்தம்கூட இல்லையாம். கண்ணாடி மூடிக்கு நெருங்கிய உறவு மலைக்காட்டுப் பக்கத்து வேறொரு நத்தை. ஒரே சுவரில், ஒரே மழையில் வாழ்ந்து ஓடு மட்டும் ஒத்துப்போயிருக்கிறது.

"ஏனு கண்ணு ரீ அவரது!" என்றாள் ஷஷிகலா. என்ன கண் அவருக்கு! நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அழுகைதான். ஆனால் எழில், அதில் துக்கம் மட்டும் இல்லை. பரீட்சையில் நீ முதலாவதாக வந்த அன்று வந்த அழுகையும் அதில் இருந்தது.

பிறகு நான் முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஓட்டை உடைத்து உள்ளே பார்த்தேன். உள்ளுறுப்புகள் இரண்டிலும் வேறு வேறாக இருந்தன. வெறும் நுண்ணோக்கி போதும். தொண்ணூற்றாறிலேயே என் மேஜையில் அது இருந்தது.

வெள்ளை மூடிக்குப் பழைய பெயர் இருக்கட்டும். கண்ணாடி மூடி உலகத்தில் யாரும் பெயர் வைக்காத புது இனம். நாம் பெயர் வைக்க வேண்டும். ஷஷிகலா உடனே உன் பெயரை வைக்கலாம் என்றாள். எனக்கும் ஆசை. எங்கள் மேலதிகாரிக்கும் அது பிடித்தது. "ரொம்ப நல்ல மரியாதை. அவங்க பேரை நத்தைக்கு வெச்சுட்டு நீங்க ரெண்டு பேரும் எழுதுங்க. ஸ்கூல் டீச்சர், அதுவும் காலமானவங்க, எழுதினவங்க வரிசையில எதுக்கு?" என்றார்.

அங்கேதான் சிக்கல். ஓர் இனத்தை விவரித்து எழுதுகிறவர் தன் பெயரையே அதற்கு வைத்துக்கொள்வது எங்கள் துறையில் வழக்கமில்லை. ஆக இரண்டில் ஒன்று. நத்தையின் பெயராக நீ இருக்கலாம். இல்லை, நத்தைக்குப் பெயர் வைத்தவர்களில் முதலாவதாக நீ இருக்கலாம். எதைச் செய்வது என்று எனக்கு முடிவெடுக்க வரவில்லை. முன்னொரு தடவை உனக்காக நான் முடிவெடுத்த லட்சணம் தெரியுமே.

அதனால் மறுபடி உன் வீட்டுக்குப் போனேன். விஷயத்தை விளக்கினேன். அஞ்சலையம்மா யோசிக்கவே இல்லை.

"நத்தைக்கு எதுக்குமா அவ பேரு? அவதான பேரு வெச்சவ. வெச்சவளா போடு."

மேலதிகாரியின் அறையில் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. நோட்டுகளை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். நாலு மழைக்காலம், பக்கம் பக்கமாக. "இந்தக் கண்டுபிடிப்புல என் பங்கு ஒண்ணுதான் சார். பத்து வருஷம் தாமதப்படுத்தினது" என்றேன். அவர் வெகுநேரம் புரட்டினார். தமிழ் படிக்கத் தெரியாதவர். ஆனால் நீ வரைந்த மூடிகளின் படங்கள் அவருக்குப் புரிந்தன. கையெழுத்துப் போட்டார்.

கட்டுரை இந்த வருஷம் வந்துவிட்டது. முதல் பெயர் உன்னுடையது. இரண்டாவது ஷஷிகலா. மூன்றாவது நான். கண்ணாடியைக் குறிக்கிற ஒரு லத்தீன் சொல்தான் இனத்தின் பெயர், உன் லேபிளில் இருந்ததுபோலவே. இனி யார் அந்தப் பெயரை முழுசாக எழுதினாலும் பக்கத்தில் எழிலரசி என்று எழுத வேண்டும். என் பழைய முடிவு தவறு என்று என் கையாலேயே ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். உன் பாட்டிலில் இருந்த ஒரு நத்தை அந்த இனத்துக்கே அடையாள மாதிரியாக எங்கள் அலமாரியில் இருக்கிறது. நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், அதைத்தான் வந்து பார்க்க வேண்டும். உன் தமிழ் லேபிளை நான் எடுக்கவில்லை.

ஒரு கவலை மட்டும் இருந்தது. சுவர் போய்விட்டதே, பெயர் கிடைத்த நத்தை உயிரோடு எங்காவது இருக்கிறதா? மூன்று மழைக்காலம் தேடினோம். கிடைக்கவில்லை.

போன ஜூன் மாதம் ஒருநாள் காலை ஏழு மணிக்குப் போன். கயல். அவள் இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள், அங்கேயே ஒரு பி.ஜி.யில் தங்கியிருக்கிறாள். கம்பெனி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தாளாம்.

"அக்கா, எங்க பி.ஜி. பின்னாடி ஒரு பாறைச் சுவர் இருக்குது. ராத்திரி மழை. சுவரு ஃபுல்லா நத்தை. நீங்க தேடற மாதிரியே இருக்குது. வண்டி வந்துடும் சீக்கிரம் சொல்லுங்க, பிடிக்கட்டுமா?"

அக்கா என்றாள் எழில். நத்தையைப் பற்றி யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

"பிடி. டிபன் பாக்ஸ்ல போடு. மூடியை இறுக்கிடாத."

ஆறு நத்தைகள். ஓடு அச்சு அசல். நான் அளந்து பார்த்துவிட்டு, "க.மூ.தான், சந்தேகமே இல்ல" என்றேன். கயல் முகத்தைச் சுளித்தாள்.

"இதுங்க ராகி இலையத் தொடவே மாட்டேங்குதுக்கா. எங்க அக்கா நோட்டுல ரெண்டு வகையும் ராகி இலை துன்னும்னு எழுதியிருக்கு. இது மூணாவதா ஏன் இருக்கக் கூடாது?"

"ஒரு இலைய வெச்சு எப்படி..." என்று ஆரம்பித்தேன்.  ஷஷிகலா சிரித்துவிட்டாள்.

மூன்றை ஷஷிகலா எடுத்துக்கொண்டாள். மூன்று உன் வீட்டு வாளியில் இருக்கின்றன. அம்மா கீரை போடுகிறார்கள், கயல் வாரக் கடைசியில் வந்து நோட்டில் எழுதுகிறாள். அதில் ஒன்று முட்டையிட்டிருக்கிறது. கடுகு அளவில், வரிசையாக. அந்த முட்டைகள் உன் படங்களில் இருக்கும் இரண்டு வகையோடும் சரியாகப் பொருந்தவில்லை. எனக்கு இராத்தூக்கம் போகிறது, ஆனால் சந்தோஷத்தில்.

ஒரு வாக்குத் தருகிறேன். டிசம்பர் காற்று வந்து அவை தாமாகவே வாசலை மூடும்வரை நான் அவற்றுக்கு ஒரு பெயரும் சொல்ல மாட்டேன். மூடிய பிறகு, அது பழையதோ புதியதோ, முதலில் பார்த்தவள் கயல் என்று கயலின் பெயரில்தான் அச்சாகும். என் முடிவு அவளுடையதோடு ஒத்துவராவிட்டால், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். அவளுடையதுதான் முதலில்.

உன் அம்மாவை அம்மா என்றும் உன் தங்கையைத் தங்கை என்றும் கூப்பிட இப்போது அனுமதி கிடைத்திருக்கும்,
வத்சலா